பென்சிலில் ஒரு பெருக்கல் குறி

ஆடிட்டர் ஆபீஸ் என்றால் இரண்டே வகை ஆட்கள்தான்: வேலை செய்கிறவர்கள், கையெழுத்துப் போடுகிறவர். கடலூரில் ஓர் ஆபீஸில் ஏழு வருஷம் நான் முதல் வகையில் இருந்தேன். வீடு சிதம்பரத்தில். காலையில் பஸ் ஏறிப் போய், ஊரார் வருமானத்தையெல்லாம் தாளில் எழுதிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறி வருவேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வருமான வரி ரிட்டர்னும் அதோடு போகிற தாள்களும் தயாரானதும், பார்ட்டி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு டிக் அடிக்க வேண்டும். ஆடிட்டர் சார் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. சார் பேனாவைத் திறந்தால், பெருக்கல் குறி கண்ட இடத்திலெல்லாம் போட்டுக்கொண்டே போவார். பத்து நிமிஷத்தில் ஒரு கட்டு முடிந்துவிடும். பிறகு நாங்கள் ரப்பரை எடுத்துக்கொண்டு அழிக்க உட்காருவோம். இந்தக் குறியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானத்தை வாங்கியது இதுதான்.

வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டிலும் சோறு வடித்துக்கொண்டு, நடுவில் பரீட்சைக்கும் படித்த என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

படகுக்காரரின் சந்தேகம்

காசிலிங்கம் என்று ஒரு பார்ட்டி. தேவனாம்பட்டினத்தில் சொந்தப் படகு வைத்திருந்தவர். சுனாமியில் படகும் போனது, பீரோவும் போனது, பீரோவுக்குள் இருந்த தாள்களும் போயின. மூன்று வருஷம் கழித்துப் புதுப் படகுக்கு லோன் கேட்கப் போனபோது, பழைய வருமானத்துக்கு ஆதாரம் கொண்டு வா என்றார்கள். கடலில் போய்த் தேடு என்று சொன்ன மாதிரிதான்.

ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், வலைக் கடை, மீன் ஏலம் எடுக்கிறவர் என்று ஒவ்வோர் இடமாக நான்தான் ஏறி இறங்கினேன். யார் யார் நோட்டில் அவர் பெயர் இருந்ததோ அந்தப் பக்கத்தையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்தேன். இரண்டு வாரம் வெயிலில் அலைந்து, அந்த மனுஷனின் மூன்று வருஷத்தைத் திரும்பவும் தாளில் கட்டி எழுப்பினேன். சார் கையெழுத்துப் போட்டார். லோன் வந்துவிட்டது.

ஒரு பை நிறைய வஞ்சிரம் எடுத்துக்கொண்டு வந்தார் காசிலிங்கம். நேராக சார் ரூமுக்குள் போய்க் கும்பிட்டார். சார் ஒன்றும் மோசமான ஆள் இல்லை. வாசலில் நின்ற என்னைக் காட்டி, "ஜெசிந்தாதான் உங்களுக்காக அலைஞ்சது" என்று சொன்னார். காசிலிங்கம் திரும்பி என்னைப் பார்த்து, நல்லபடியாகச் சிரித்து, மறுபடி சார் பக்கம் திரும்பினார்.

"ஆமா சார், டைப் அடிச்ச பொண்ணு. கணக்கு யாரு சார் போட்டது?"

விண்ணப்பம்

காசிலிங்கம் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? தாளில் இருப்பது சார் பெயர். பார்க்கிறவர்கள் அதைத்தானே பார்ப்பார்கள்.

ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்க லைசன்ஸ் தருவதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது என்று பேப்பரில் பார்த்து, கத்தரித்து, ஆறு மாசமாக டிபன் பாக்ஸ் பையில் வைத்திருந்தேன். பாஸ் செய்தால் ஒரு நம்பர் கொடுப்பார்கள். அதற்கப்புறம் தயாரித்தவர் என்கிற இடத்தில் நம் பெயர், நம் கையெழுத்து, நம் ரப்பர் ஸ்டாம்ப். எனக்கு வேண்டியது அந்த ஒரு கட்டம்தான். மறுநாளே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.

சாரிடம் சொன்னபோது, "தாராளமா எழுதும்மா. ஜூலையில மட்டும் லீவு கேக்காத" என்றார். ஜூலை கடைசிதான் ரிட்டர்ன் போடக் கெடு. பரீட்சையோ ஆகஸ்ட் முதல் வாரம். அதாவது எல்லாரும் விழுந்து விழுந்து படிக்கிற மாசத்தில் நான் ஆபீஸில் விழுந்து கிடக்க வேண்டும். கேட்க மாட்டேன் சார் என்று சொன்னேன். சொன்னபடியே ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டு அவர்கள் கொடுத்தால் அதையும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்களே.

பக்கத்து மேஜை கோவிந்தன் எங்கள் ஹெட் கிளார்க். ஆபீஸில் ஆண்கள் எல்லாரும் அவருக்கு மச்சான், பெண்கள் எல்லாரும் சிஸ்டர். விண்ணப்பத்தை வாங்கி, முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீங்க பாஸ் பண்ணிட்டுப் போயிட்டா, சாருக்கு யாரு சிஸ்டர் பெருக்கல் போடுவாங்க?"

புதுச்சத்திரத்து அம்மா

அப்போது பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். ரயிலில் போகிற கூட்டமும் பஸ்ஸுக்கே வந்துவிட்டது. எனக்குப் படிக்க இருந்த நேரமும் அந்த பஸ்தான். பி.முட்லூர் வருவதற்குள் ஒரு பிரிவு, ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒரு பிரிவு, முதுநகர் வரும்போது இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துப் பார்ப்பது. இதுதான் என் டைம் டேபிள்.

சட்டப் புத்தகம் நைந்து போகக் கூடாது என்று கறுப்பு ரெக்ஸின் போட்டு, சிவப்பு நாடா வைத்து பைண்ட் செய்திருந்தேன். ஒருநாள் கண்ணை மூடி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எண்பது சி, எண்பது டி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்தில் ஏறின ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் கண்ணைத் திறக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போக விசா வரவில்லை, அவனுக்காக ஜெபம் பண்ண வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா, நான் வேதக்காரிதான், ஆனால் இது பைபிள் இல்லை, வருமான வரிச் சட்டம் என்று பிரித்துக் காட்டினேன். அவர் அசரவில்லை.

"இருக்கட்டும்மா. எப்படியும் கண்ண மூடப் போற இல்ல, எம் புள்ளைக்கும் சேத்தே மூடிக்க."

வெல்லம்

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் சிதம்பரத்தில் ஒரு மாடியில் கோச்சிங் வகுப்பு. முப்பது பேர். எல்லாம் காலேஜ் முடித்த பிள்ளைகள், எனக்கு மட்டும் முப்பத்தாறு வயசு. வகுப்பெடுக்கிறவர் முதல் நாளே என்னிடம், "உங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டமா இருக்கும், மெதுவா எடுத்துக்கங்க" என்று ஆறுதல் சொன்னார். நான் எதற்காக ஆறுதல்பட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. வருஷத்துக்கு இருநூறு ரிட்டர்ன் போடுகிற கை இது.

மூன்றாவது வாரம் விவசாய வருமானம் நடத்தினார். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, கரும்பு விவசாயம், கரும்பைக் காய்ச்சி வெல்லம் செய்தாலும் விவசாயம், முழுசும் வரி இல்லை என்றார். நான் கை தூக்கினேன். எங்களுக்குப் பெண்ணாடத்தில் ஒரு பார்ட்டி இருக்கிறார், இதே வெல்லத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். கரும்பைக் கரும்பாகவே வாங்கிக்கொள்ள மில் இருக்கிறது. அப்படியிருக்க அதைக் காய்ச்சி விற்பது வியாபாரம். கரும்பு விலை அளவுக்குத்தான் விவசாயம், மேலே வருகிற லாபத்துக்கு வரி உண்டு என்று சொன்னேன். அவர் இல்லை என்றார். நான் உண்டு என்றேன். புத்தகத்தைப் பிரித்தார், அவர் பிரித்த பக்கத்திலேயே நான் சொன்னது இருந்தது. பிள்ளைகள் மேஜையைத் தட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் அவர் படி இறங்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"அடுத்த வாரத்துலேருந்து நீங்க பின்னாடி உக்காருங்க மேடம். முன்னாடி இருந்தா எனக்குத் தொண்ட வறண்டு போவுது."

ஸ்ரீமுஷ்ணம் கல்யாணம்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் ரொம்பப் பேசாதவர். கூட்டுறவு ரேஷன் கடையில் வேலை; வரிசையில் நிற்கிற ஜனம் பேசுகிற பேச்சே போதும் என்று வீட்டில் வாயைத் திறக்க மாட்டார்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே ஒரு மாமா. இலையில் சாம்பார் விழும் முன்பே ஆரம்பித்துவிட்டார். இந்த வயசில் என்ன பரீட்சை, பொம்பளைக்கு எதற்கு லைசன்ஸ், பிள்ளை இரண்டு இருக்கிறதே அதைக் கவனிக்கக் கூடாதா, ஃபெயிலானால் சொந்தத்தில் தலை காட்ட முடியுமா என்று அடுக்கினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஃபெயிலானா ஆவுறேன் மாமா, உங்க வீட்டுல வந்தா அழப் போறேன் என்று சொல்லிவிட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. மாமா முகம் சுருங்கி, என் வீட்டுக்காரரிடம், "இன்னா மாப்ள, கேட்டுக்கிட்டு சும்மா இருக்கியே" என்றார். அவர் அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னார்:

"கேட்டுக்கிட்டுதான் மாமா இருக்கேன். அவ சொல்றதுல எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல."

குறி

பரீட்சை கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்தது. அத்தனையும் தெரிந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் மார்க் ஜாஸ்தி: ஒருவரின் விவரங்களைக் கொடுத்து, ரிட்டர்ன் படிவம் முழுக்க நிரப்பச் சொல்லியிருந்தார்கள். தயாரித்தவர் என்கிற இடத்தில் சொந்தப் பெயரை எழுதக் கூடாது, 'ஏபிசி' என்று எழுதிக் கையெழுத்திட்டு முடிக்க வேண்டும். ஆபீஸில் இருபது நிமிஷத்தில் முடிக்கிற வேலை. முடித்தேன், கட்டிக் கொடுத்தேன், வெளியே வந்தேன்.

வேப்ப மரத்தடியில் நின்று பையில் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் கையில் பென்சில் இருப்பதைக் கவனித்தேன். பேனாவால் எழுதுகிற பரீட்சையில் பென்சில் எதற்கு வெளியே வந்தது? அப்போதுதான் உறைத்தது. தயாரித்தவர் என்கிற இடத்தில் நான் ஏபிசி எழுதவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அழகாக, சின்னதாக, ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சார் வந்து போடுவார் என்று.

கையெழுத்து இல்லாத ரிட்டர்ன் செல்லாது என்று கடைசிக் கேள்வி முழுவதற்கும் மார்க் கொடுக்காமல் விட்டார்களோ என்னவோ, யாருக்கும் தெரியாது. நான் ஃபெயிலானது மூன்று மார்க்கில். ரிசல்ட் வந்த அன்று ஆபீஸ் பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தெரியாமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என் இடம் எது என்று என் கைக்கே தெரியவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து கோவிந்தனிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"அப்பிடிப் பாத்தா சிஸ்டர், நீங்க பாஸ். கையெழுத்துப் போட வராத சார்தான் ஃபெயிலு."

குறி இல்லாத ஒரு வாரம்

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நான் பெருக்கல் குறி போடுவதை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. தாளைத் தயார் செய்தேன், பார்ட்டிக்கு டிக் அடித்தேன், சார் மேஜையில் வைத்தேன். என் கைக்கு அந்தப் பழக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் என் உத்தேசம். வேறு உத்தேசம் இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

முதல் கட்டு சார் ரூமிலிருந்து திரும்பி வந்தது. நெய்வேலிப் பக்கத்து மளிகைக்கடைக்காரரின் தாள்களில், அவர் போட வேண்டிய இடத்திலெல்லாம் சார் போட்டிருந்தார். சார் போட வேண்டிய இடம் காலி. பெருக்கலைத் தேடிக் காணாமல், கண்ணில் பட்ட டிக்கில் போட்டுவிட்டார்; அவருக்குக் குறி என்றால் குறிதான். இருபது வருஷமாக அவர் படித்தது அந்தப் பென்சில் குறியை மட்டும்தான் போலிருக்கிறது. மொத்தக் கட்டையும் திரும்ப பிரிண்ட் எடுத்தோம். மூன்றாவது நாளும் இதே கதை. நாலாவது நாள் சார் என்னைக் கூப்பிட்டார். கோபமாகத் திட்டுவார் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நிஜமாகவே ஒன்றும் புரியாத முகத்தோடு கேட்டார்:

"எங்க போடணும்னு நீ சொல்லலன்னா, எனக்கு எப்படிம்மா தெரியும்?"

யாரை விட வந்தீங்க

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு எனக்கிருந்த பயமெல்லாம் போய்விட்டது. இன்னொரு வருஷம் அதே பஸ், அதே கறுப்புப் புத்தகம், அதே ஜூலை, சாருக்கு அதே பெருக்கல் குறி. புதுச்சத்திரத்து அம்மா மகனுக்கு விசா வந்துவிட்டதாம். எண்பது சி-யின் மேல் அவருக்கு நல்ல நம்பிக்கை வந்திருந்தது.

பரீட்சை அன்று பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறும் இரண்டு பேனாவோடு போனேன். வாசலில் ஹால் டிக்கெட் பார்க்கிறவர், "பேரன்ட்ஸெல்லாம் கேட்டுக்கு வெளியே நில்லுங்க. நீங்க யாரை விட வந்தீங்க?" என்றார். என்னைத்தான் விட வந்தேன் என்று ஹால் டிக்கெட்டை நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழிவிட்டார். கடைசிக் கேள்வியில் தயாரித்தவர் என்கிற இடம் வந்தபோது ஏபிசி என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். இன்னும் அரை மணி இருந்தது. அந்த இடத்தை மட்டும் பத்துத் தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாளைக் கட்டிக் கொடுக்கும்போது பக்கத்து பெஞ்சுப் பையன் கேட்டான்:

"ஆன்ட்டி, அந்த ஒரு பக்கத்துல அப்பிடி என்ன இருக்கு, மொறச்சிக்கிட்டே இருந்தீங்களே?"

முன்ரூம்

பாஸ். மார்க்கைச் சொல்ல மாட்டேன், ஸ்ரீமுஷ்ணம் மாமாவுக்கு மட்டும் போன் போட்டுச் சொன்னேன். ஆபீஸை விடும்போது சார் கை குலுக்கி, "எப்ப வேணா வரலாம்மா, முக்கியமா ஜூலையில" என்றார். கோவிந்தனுக்கு ஒரு டஜன் பென்சில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்ரூமில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வாசலில் என் பெயர் எழுதிய தகரப் பலகை. பத்து நாள் ஒருத்தரும் வரவில்லை. பதினோராம் நாள் காசிலிங்கம் வந்து நின்றார். ரயில் இன்னும் விடவில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. ஆபீஸில் விசாரித்தாராம். அவர் ஃபைலில் என்ன கேட்டாலும் எல்லாரும் ஜெசிந்தாவுக்குத்தான் தெரியும் என்றார்களாம். "அப்ப நான் எதுக்கு அங்க போவணும்?" என்று பையை மேஜையில் வைத்தார். அன்றைக்கு டைப் அடிச்ச பொண்ணு என்று சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. நானும் கிளறவில்லை.

ரிட்டர்னை அவர் கண் எதிரிலேயே போட்டேன். டிக் அடித்த இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளைத் திருப்பி, தயாரித்தவர் என்கிற இடத்துக்கு வந்தேன். வந்து, தாளை மேஜை ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. காசிலிங்கம் வாசலைப் பார்த்தார், உள்ரூமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். கட்டத்துக்குள் பென்சிலால், அழகாக, சின்னதாக, ஒரு பெருக்கல் குறி. அவர் அதன் மேல் விரலை வைத்தார்.

"யாருக்கும்மா காத்திருக்க? கணக்கு போட்டது நீதான, நீயே போடு."

போட்டேன், பெருக்கல் குறியின் மேலேயே; வரிச் சட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு உண்டு, பழகின கையைத் திருத்த மட்டும் ஒன்றும் இல்லை, நான் இரண்டு தடவை முழுசாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.